தனி ஒருவர் மறுத்து என்ன ஆகப்போகிறது?

நாட்டில் மனித உரிமைகள் சரிந்துகொண்டே போகும்போது எதிர்த்துப் பேசுவது குடிமக்களின் கடமையா, தனி ஒருவர் மறுத்து என்ன ஆகப்போகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். கடமைதான் என்பது என் உறுதியான எண்ணம். அதை, அடிப்படை உரிமைகள் முடக்கப்பட்டிருந்த 1975-77 நெருக்கடி நிலையை வைத்தே சொல்கிறேன்.

எங்கள் வீட்டுப் பெரியவர்கள் அந்த நாட்களை இன்றும் ‘மிசா காலம்’ என்றுதான் குறிப்பிடுவார்கள். ரயில்கள் நேரத்துக்கு வந்தன, அலுவலகங்களில் எல்லோரும் பத்து மணிக்கே இருக்கையில் இருந்தார்கள் என்று பாராட்டாகவும் சொல்வார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. மிசா என்ற தடுப்புக்காவல் சட்டத்தில் விசாரணையின்றி அடைக்கப்பட்ட ஏறத்தாழ 35,000 பேரில் ஒருவர்கூட எங்கள் தெருவைச் சேர்ந்தவர் இல்லை, அவ்வளவுதான். அடி விழாத வீட்டில் உரிமைகளின் சரிவு ஒழுங்கு போலவே தெரியும்.

காவலில் வைத்தது சட்டப்படி சரியா என்று கேட்கும் அடைக்கப்பட்டவர்களின் ஆட்கொணர்வு மனுக்களை விசாரிக்கலாம் என்று ஒன்பது உயர் நீதிமன்றங்கள் கூறியதை எதிர்த்து அரசு உச்ச நீதிமன்றம் சென்றது. ஒரு காவலர் சொந்தப் பகையால் ஒருவரைக் கொன்றுவிட்டால் அதற்கேனும் பரிகாரம் உண்டா என்று நீதிபதி எச்.ஆர். கன்னா கேட்டார். நெருக்கடி நிலை நீடிக்கும்வரை இல்லை என்பதே தம் வாதத்தின்படி வரும் விடை என்றார் அரசின் தலைமை வழக்கறிஞரான அட்டர்னி ஜெனரல் நிரேன் டே. இதைக் காதால் கேட்ட பிறகும், 1976 ஏப்ரல் 28 அன்று ஐந்து நீதிபதிகளில் நால்வர் அரசின் பக்கமே தீர்ப்பளித்தனர். கைதிகளை அரசு ஏறத்தாழ ஒரு தாயின் பரிவோடு பார்த்துக்கொள்கிறது என்றுகூட அவர்களில் ஒருவரான எம்.எச். பெக் எழுதினார். அந்த வரியை என்னால் எளிதாகக் கடந்து போக முடிவதில்லை. ஏனென்றால் அதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான், 1976 பிப்ரவரியில், சென்னை மத்திய சிறையில் மிசா கைதிகள் இரவில் அடித்து நொறுக்கப்பட்டிருந்தார்கள். அதை நீதிபதி எம்.எம். இஸ்மாயில் ஆணையம் பின்னர் விசாரித்துப் பதிவு செய்தது. அங்கே அடிபட்டவர்களில் ஒருவரான, சென்னையின் முன்னாள் மேயரும் நாடாளுமன்ற உறுப்பினருமான சிட்டிபாபு 1977 ஜனவரியில் இறந்துபோனார்.

கன்னா மட்டும் மறுத்தார். கடைசி நீதிமன்றத்தில் எழுதப்படும் மறுப்பு, பிற்காலத்தவரின் அறிவிடம் செய்யும் முறையீடு என்ற கருத்தைத் தம் தீர்ப்பில் மேற்கோளாக எடுத்துக்காட்டினார். அதற்கு விலையும் கொடுத்தார்: 1977 ஜனவரியில் பணிமூப்பில் அவருக்குப் பின்னால் இருந்த பெக் தலைமை நீதிபதியாக்கப்பட்டதும் பதவி விலகினார். ஆனால் உயிர்வாழும் உரிமையை நெருக்கடி நிலையிலும் முடக்க முடியாது என்று 1978-இன் 44-ஆவது திருத்தம் அரசியலமைப்பிலேயே எழுதியது. 2017-இல் உச்ச நீதிமன்றம் அந்தப் பெரும்பான்மைத் தீர்ப்பைத் தவறென்று அறிவித்தபோது அதை எழுதியவர் டி.ஒய். சந்திரசூட், 1976-இல் அரசின் பக்கம் நின்ற நால்வரில் அவருடைய தந்தையும் ஒருவர்.

கன்னா நீதிபதி, நாம் சாதாரண மக்கள்தானே என்று நீங்கள் கேட்கலாம். கேரளத்தின் ஈச்சர வாரியர் ஓர் ஆசிரியர். கோழிக்கோட்டில் பொறியியல் படித்துக்கொண்டிருந்த அவருடைய மகன் ராஜனை 1976 மார்ச் 1 அன்று போலீஸ் கொண்டுபோனது. ஓராண்டு முழுவதும் அவர் மனு மேல் மனுவாக எழுதி, அதிகாரிகளின் வாசல்களில் காத்துநின்றார். நெருக்கடி நிலை நீங்கியதும் 1977 மார்ச்சில் கேரள உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுவைத் தாக்கல் செய்தார். ராஜன் கைது செய்யப்படவே இல்லை என்ற அரசின் மறுப்பை நீதிமன்றம் நம்பவில்லை. முன்பு உள்துறை அமைச்சராக இருந்து, அப்போதுதான் முதலமைச்சராகியிருந்த கருணாகரன் பதவி விலக நேர்ந்தது. ராஜன் காவலில் இறந்ததை அரசு பின்னர் ஒப்புக்கொண்டது. உடல் மட்டும் கிடைக்கவே இல்லை.