போர்டில் இருப்பது பட்டமா, பேரா?

டாக்டர் பதில்கள்

கேள்வி: எங்கள் தெருமுனையில் 'ஒருங்கிணைந்த மருத்துவ நிபுணர்' என்று புதிதாக ஒரு போர்டு. அமெரிக்காவில் இருக்கும் என் மகளும் முட்டிவலிக்கு அந்த மாதிரி டாக்டரிடம்தான் போகிறாளாம். இது என்ன படிப்பு? நீங்களும் அப்படிப்பட்ட டாக்டர்தான் என்கிறார்களே?
– வாசகி, காட்பாடி

பதில்: மகளின் டாக்டரிலிருந்தே ஆரம்பிக்கிறேன் அம்மா. அங்கே முதலில் எல்லோரும் படிக்கிற டாக்டர் படிப்பு. பிறகு குடும்ப மருத்துவமோ பொது மருத்துவமோ மூன்று வருட ரெசிடென்சி, அதாவது ஆஸ்பத்திரிப் பயிற்சி. ஒருங்கிணைந்த மருத்துவம் அதற்கு மேலே. அரிசோனா பல்கலைக்கழகத்தில் டாக்டர் ஆண்ட்ரூ வைல் 1994-ல் இதற்கென ஒரு பயிற்சியைத் தொடங்கினார். சாப்பாடு, மூலிகை, மனப்பயிற்சி எல்லாம் அதில் பாடம். 2014-ல் தனிச் சான்றிதழ் பரீட்சையும் வந்துவிட்டது.

நம்மூரில் அந்த அடித்தளம் ஆளுக்கு ஆள் மாறும். எம்.பி.பி.எஸ். ஐந்தரை வருடம். சித்தாவின் பி.எஸ்.எம்.எஸ்., இயற்கை மருத்துவத்தின் பி.என்.ஒய்.எஸ். இரண்டும் அதே ஐந்தரைதான். வருடக் கணக்கில் யாரும் யாருக்கும் குறைச்சல் இல்லை. கற்றது வேறு, அவ்வளவே. ஹோமியோபதி படித்தவர் ஆங்கில மருந்து எழுதி, நோயாளி இறந்துபோன வழக்கில், 1996-ல் உச்ச நீதிமன்றம் அதைக் கவனக்குறைவு என்றே சொன்னது. அதனால் போர்டின் பெரிய எழுத்தை விடுங்கள். பேருக்குப் பின்னால் பொடி எழுத்தில் இருக்கும் பட்டத்தையும், மருந்துச் சீட்டில் மருத்துவக் கவுன்சில் பதிவு எண்ணையும் பாருங்கள். எங்களுக்கு ஒரு கவுன்சில், சித்தாவுக்கு வேறு. எண்ணைக் கேட்டால் முகம் கடுக்கிறவரிடம் முட்டியைக் காட்ட வேண்டாம்.

இனி என் ஜாதகம். செங்கல்பட்டில் எம்.பி.பி.எஸ்., பிறகு பொது மருத்துவத்தில் எம்.டி. சித்தா நான் ஒரு வரிகூடப் படித்தவனில்லை. படித்தது என் வீட்டுக்காரம்மா, பாளையங்கோட்டையில். வேலூரில் ஒரே வராந்தாவில் இரண்டு அறை, இரண்டு போர்டு. ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு நாற்பது பக்க நோட்டு. இடப்பக்கம் என் மருந்து, வலப்பக்கம் வீட்டுக்காரம்மா மருந்து. எங்களிடம் ஒருங்கிணைப்பு என்று ஏதாவது இருந்தால் அது அந்த நோட்டுதான்.

நோட்டு வந்ததே பள்ளிகொண்டா பக்கத்து ஆயா ஒருத்தரால். சித்திரை மாதம், காலை பதினொரு மணி. ரவிக்கை தெப்பமாக நனைந்திருக்கிறது, கை நடுங்குகிறது, பேத்தியை வேறு யாரோ பேர் சொல்லிக் கூப்பிடுகிறார். வெயில் தாக்கிவிட்டது என்று மகன் வழியில் மோர் வாங்கிக் கொடுத்திருக்கிறார். விரலில் குத்திப் பார்த்தால் சர்க்கரை வெறும் 46. குளுக்கோஸ் ஏறி, ஆயா பேத்தியைச் சரியாகக் கூப்பிட்ட பிறகு, இடுப்புச் சுருக்குப் பையிலிருந்து ஒரு பழைய கோபால் பல்பொடி டப்பா வெளியே வந்தது. உள்ளே சிறுகுறிஞ்சான் பொடி. நான் எழுதிய கிளிபென்கிளமைடு என்ற சர்க்கரை மாத்திரை இரண்டு வேளை, இதுவும் இரண்டு வேளை. இரண்டுமே சர்க்கரையை இறக்கும். பொடி விற்றவர் மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று கேட்கவில்லை. சரி, அவர் கடைக்காரர். எம்.டி. வாங்கி ஏழு வருடம் ஆகியிருந்த நானும் பொடியைப் பற்றிக் கேட்கவில்லையே! "நீ கேட்டியா கண்ணு, நான் சொல்றதுக்கு?" என்றார் ஆயா.

அன்றைக்குச் சாயங்காலமே அண்ணா சாலையில் நோட்டு வாங்கினேன்.

கேள்வி: டாக்டர் வீட்டில் காய்ச்சல் வந்தால் யார் மருந்து?
– கல்லூரி மாணவர், குடியாத்தம்

பதில்: சாதாரணக் காய்ச்சல் என்றால் முதல் மூன்று நாள் வீட்டுக்காரம்மா ஆட்சி. நிலவேம்புக் குடிநீர், ஒன்பது சரக்கு, ஒன்பதின் கசப்பும் ஒரே மடக்கில். நான்காம் நாள் விடியும்போது ஆட்சி என் கைக்கு வரும். டெங்கு காலத்தில் இந்த உடன்படிக்கை செல்லாது, முதல் நாளே ரத்தப் பரிசோதனை. எங்கள் பையன் சின்ன வயதில் காய்ச்சலோடு படுத்துக்கொண்டு, "அப்பா, இது டெங்குவா இருக்கக் கூடாதா?" என்று கேட்டிருக்கிறான்.