குஞ்சுக்குச் சூடு, மாட்டுக்கு யூரியா வைக்கல்: மாணவர் கேள்விகள்

வன்னியில் விலங்கு விஞ்ஞானம் படிக்கும் மாணவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

முதல் கிழமை கோழிக்குஞ்சுகளுக்கு 33–35 பாகை செல்சியஸ் வேண்டும் என்று படிக்கிறோம். வெப்பமானி இல்லாத வீட்டுக் கூட்டில் எப்படிக் கணிப்பது? (மாணவி, கிளிநொச்சி)

குஞ்சுகளே காட்டித் தரும். சூட்டுக்காகத் தொங்கவிட்ட மின்குமிழுக்கு நேர்கீழே ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கத்தினால் குளிர். ஓரமாக விலகி, சிறகை விரித்து, வாயைத் திறந்து மூச்சிரைத்தால் சூடு கூடிவிட்டது. எல்லாம் ஒரே பக்கம் ஒதுங்கினால் மறுபக்கத்தால் காற்றடிக்கிறது. பரவலாகத் தின்பதும் படுப்பதுமாக இருந்தால் சரி.

இன்னும் நுட்பமாகப் பார்க்க, குஞ்சின் பாதத்தை உங்கள் கன்னத்தில் வையுங்கள். அது சில்லென்று இருந்தால், மேலே சூடு இருந்தும் கீழே உமி குளிர்ந்து கிடக்கிறது. குஞ்சை இறக்குவதற்குச் சில மணி நேரம் முந்தியே குமிழை எரியவிடச் சொல்வது இதற்காகத்தான்.

100 குஞ்சுக்கு 5 அடி விட்டம், ஒன்றரை அடி உயரத்தில் வட்ட அடைப்பு, 2 அங்குல உமி, ஒன்று அல்லது இரண்டு 100 வாற் குமிழ் போதும். சதுரப் பெட்டி வேண்டாம். மூலையில் நெரிந்தால் அடியில் அகப்பட்டவை மூச்சுமுட்டிச் சாகும். பிறகு கிழமைக்கு 2–3 பாகை குறைத்துக்கொண்டு போகலாம். ஆடி, ஆவணி வெயிலில் எங்கள் பக்கம் பகலில் குமிழே தேவைப்படாமல் போகும். மார்கழி மழை இரவில் இரண்டும் எரிய வேண்டும். அதனால் நாட்காட்டியை விடக் குஞ்சை நம்புங்கள்.

தண்ணீர்த் தட்டில் கூழாங்கல் போட்டுவிடுங்கள். நனைந்த குஞ்சு பிழைப்பது கடினம். மறுநாள் கழுத்தடியில் கண்டப்பையை (தின்றது முதலில் தங்கும் பை) தடவிப் பாருங்கள். நிறைந்து மெத்தென்று இருந்தால் தீனும் தண்ணீரும் எடுத்திருக்கிறது. கல்லுப்போல இருந்தால் தண்ணீர் எட்டவில்லை. பின்புறத்தில் எச்சம் காய்ந்து ஒட்டியிருந்தால் பிய்க்காமல், இளஞ்சூட்டு நீரில் நனைத்த துணியால் ஊறவைத்துத் துடையுங்கள்.

ராணிக்கெட் என்ற கோழி நோய்க்கான தடுப்புமருந்தைத் தண்ணீரில் கொடுத்தும் கோழிகள் செத்தன. மருந்து பிழையா? (மாணவர், முல்லைத்தீவு)

பெரும்பாலும் பிழை மருந்தில் இல்லை, கொடுத்த விதத்தில்தான். அது உயிருள்ள வைரசு. 2–8 பாகையில் வைத்திராவிட்டால் கோழிக்குப் போய்ச் சேர முன்பே செத்துவிடும். குளோரீன் கலந்த குழாய்த் தண்ணீரும் அதைக் கொல்லும். கிணற்றுத் தண்ணீர் எடுத்து, லீற்றருக்கு 2 கிராம் கொழுப்பு நீக்கிய பால்மா கரைத்து, அரை மணி நேரம் கழித்து மருந்தைச் சேருங்கள். விடியற்காலையில், ஒரு மணி நேரம் தண்ணீரை நிறுத்தி வைத்துவிட்டுக் கொடுங்கள். 2 மணி நேரத்துக்குள் குடித்து முடிய வேண்டும். முந்திய நாள் காலையிலேயே 2 மணி நேரத்தில் எவ்வளவு குடிக்கின்றன என்று அளந்து வைத்தால் அளவு பிழைக்காது.

நோய் ஏற்கெனவே புகுந்த கூட்டில் போட்டால் பலனில்லை. எதிர்ப்புச் சக்தி வர நாட்கள் எடுக்கும்.

யூரியா நஞ்சு என்கிறார்கள், வைக்கலுக்குப் போடு என்றும் சொல்கிறார்கள். எது சரி? (மாணவர், மாங்குளம்)

இரண்டும் சரி. வைக்கலில் புரதம் 3–4 சதவீதம்தான். முதல் இரைப்பையிலுள்ள நுண்ணங்கிகள் ஒழுங்காக வேலை செய்யச் சுமார் 7 சதவீதம் வேண்டும். ஈர வைக்கலில் யூரியா அமோனியாவாக மாறி நாரின் இறுக்கத்தைத் தளர்த்துகிறது, நைதரசனும் சேர்கிறது. அந்த நைதரசனிலிருந்து நுண்ணங்கிகள் புரதம் கட்டுகின்றன. காலபோக அறுவடை முடிந்ததும் வயலில் வைக்கலைக் கொளுத்திவிட்டு, கோடையில் எலும்பு தெரியும் மாடுகளைப் பார்த்துக்கொண்டிருப்பது வேதனை. அந்த வைக்கல்தான் ஆவணியில் அவற்றுக்குச் சாப்பாடு.

100 கிலோ காய்ந்த வைக்கலுக்கு 4 கிலோ யூரியா, 100 லீற்றர் தண்ணீர். யூரியா ஒரு மணிகூட மிஞ்சாமல் கரைய வேண்டும். பொலித்தீன் விரிப்பில் வைக்கலை ஒரு படை பரப்பி, பூவாளியால் கரைசலைத் தெளித்து, ஏறி மிதியுங்கள். அதன்மேல் அடுத்த படை. கடைசியில் காற்றுப் புகாமல் மூடி, பாரம் ஏற்றி, 10 நாள் விடுங்கள். சரியாக வந்த வைக்கல் கடும் மஞ்சளாக, மெதுமையாக, மூக்கைத் துளைக்கும் மணத்தோடு இருக்கும். பூஞ்சணம் பிடித்த இடம் காற்றுப் புகுந்த இடம், அதை எறிந்துவிடுங்கள்.

கொடுக்க முன் நிழலில் பரப்பி மணம் தணியவிடுங்கள். முதலில் சாதாரண வைக்கலோடு கொஞ்சமாகக் கலந்து, ஒரு கிழமையில் கூட்டுங்கள். கூடவே கிளிரிசிடியாக் குழை, ஒரு பிடி தவிடு. 6 மாதத்துக்குட்பட்ட கன்றுக்கு வேண்டாம். அதன் இரைப்பை இன்னும் பழகவில்லை. மொலாசசு (சீனி ஆலையில் மிஞ்சும் பாகு) சேர்த்து மூடி வைக்காதீர்கள்; அமோனியாவும் சீனியும் சேர்ந்தால் நச்சுப்பொருள் உண்டாகும்.

மாடு சாவது பெரும்பாலும் யூரியாக் கரைசல் வாளியை மூடாமல் விட்டதால்தான். தாகத்தில் குடித்துவிட்டால் உடல் நடுங்கும், வாயில் நுரை தள்ளும், வயிறு ஊதும். உடனே மிருக வைத்தியரைக் கூப்பிடுங்கள். விநாகிரியும் குளிர்ந்த தண்ணீரும் அமோனியா உடலில் ஏறுவதைக் குறைக்கும்.

மாடு கன்று போட்டபின் இளங்கொடி (நஞ்சுக்கொடி) விழும்வரை கன்றைக் குடிக்கவிடக் கூடாது என்று வீட்டில் சொல்கிறார்கள். (மாணவி, செட்டிகுளம்)

உடனே குடிக்கவிடுங்கள். கடும்பிலுள்ள (கன்று போட்டதும் வரும் முதற்பால்) எதிர்ப்புப் புரதங்களைக் கன்றின் குடல் முதல் சில மணி நேரத்தில்தான் நன்றாக உறிஞ்சும். ஒரு நாள் கழிந்தால் வாசல் அடைபட்டுவிடும். 24 மணி நேரத்துக்குள் கன்றின் எடையில் பத்தில் ஒரு பங்கு வேண்டும்: 20 கிலோக் கன்றுக்கு 2 லீற்றர், முதல் ஊட்டு ஒரு மணி நேரத்துக்குள். கன்று முலையை இழுக்கும்போது தாயின் கருப்பை சுருங்கும். கொடி விழ அதுவும் உதவும். 12 மணி நேரம் கழிந்தும் விழாவிட்டால் இழுக்காமல் வைத்தியரை அழையுங்கள்.

காலையில் மாட்டில் வேட்கை (சினைக்கு வரும் அறிகுறி) கண்டால் எப்போது சினை ஊசி போடுவது? (மாணவர், வவுனியா)

அன்று மாலை. மாலையில் கண்டால் மறுநாள் காலை. முட்டை வெளிவருவது வேட்கை அடங்கி 10–14 மணி நேரத்தின் பிறகு. தவறினால் அடுத்த முறை 21 நாளில். எங்கள் ஊர் மாடுகள் இரவில் சத்தமில்லாமல் வேட்கை காட்டுவது உண்டு, ஆகவே விடியப் பட்டியைத் திறக்க முன் வால்புறத்தில் கண்ணாடிபோல் ஒழுகும் சளியைப் பாருங்கள்.

கோழி அடையில் தாரா முட்டையும் சேர்த்து வைக்கலாமா? (மாணவி, மல்லாவி)

வைக்கலாம். கோழிக்கு 21 நாள், தாராவுக்கு 28. தாரா முட்டையை 7 நாள் முந்தி வைத்து, பிறகு கோழி முட்டையைச் சேருங்கள். இல்லாவிட்டால் குஞ்சு பொரித்த கோழி எழும்பிப் போய்விடும், தாரா முட்டை கூழாகும்.