புலி போய்க் கதிர் வந்தது
வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: அழகர்கோயில் வேண்டுதலுக்கு எங்கள் அப்பத்தா மஞ்சள் துணியில் முடிந்து வைத்த ஒரு ரூபாய் கிடைத்தது. 1947 என்றிருக்கிறது, ஆனால் மன்னர் தலை. சுதந்திர இந்தியாவின் முதல் வெள்ளிக்காசு என்கிறார்கள். அப்படியா? – மேலூர் வாசகர்

இல்லை. முதலில் வெள்ளியைப் பார்ப்போம். காசை ஒரு காந்தத்தின் அருகே கொண்டுபோங்கள், ஒட்டிக்கொள்ளும். அது நிக்கல், எடை 11.66 கிராம். வெள்ளி ரூபாய் 1945-ஓடு முடிந்தது. அதிலும் பாதிதான் வெள்ளி. அது காந்தத்தில் ஒட்டாது.

1947-ல் ஆட்சி கைமாறியதே தவிர, காசு மாறவில்லை. 1950 ஜனவரி 26 வரை நாம் டொமினியன், அதாவது பிரிட்டிஷ் மன்னரைத் தலைவராகக் கொண்ட தன்னாட்சி நாடு. ஆறாம் ஜார்ஜ்தான் மன்னர். குடியரசின் புதுக் காசு வெளிவந்தது அந்த ஆண்டு ஆகஸ்ட் 15-ல். மன்னர் தலை இருந்த இடத்தில் சாரநாத் சிங்கங்கள். பின்பக்கம் உங்கள் காசில் புலி இருக்கும், 1950 ரூபாயில் கோதுமைக் கதிர். எடை, உலோகம், ரூபாய்க்குப் பதினாறு அணா என்ற கணக்கு எதிலும் கை வைக்கவில்லை. பழசும் புதுசும் ஒரே கல்லாவில் புரள வேண்டுமே!

சில்லறையில்தான் அழகு. இரண்டணா, ஓரணா, அரையணா மூன்றிலும் காளை, காலணாவில் குதிரை. இரண்டும் சாரநாத் தூணில் சிங்கங்களுக்குக் கீழே உள்ள பட்டையில் செதுக்கியவை. அணாவில் பன்னிரண்டில் ஒரு பங்கான தம்பிடி மட்டும் புது வரிசையில் இடம்பெறவில்லை. ஆண்டுக்கு அடியில் வைரம் போன்ற சிறு குறி இருந்தால் காசு அடித்தது பம்பாய் நாணயச்சாலை, ஒன்றுமே இல்லாவிட்டால் கல்கத்தா.

கேள்வி: நடுவில் ஓட்டையுள்ள காலணாவில் மன்னர் முகம் இல்லையே, அது குடியரசுக் காசா? – திருமங்கலம் வாசகர்

ஓட்டைக்கு மேலே கிரீடம் இருக்கிறது, பாருங்கள். 1943 முதல் 1947 வரை அடித்தது. போர்க்கால உலோகச் சிக்கனம்.

கேள்வி: பழைய மளிகைக் கணக்கு நோட்டில் 'இரண்டணா = 12 ந.பை.' என்றிருக்கிறது. பன்னிரண்டரை அல்லவா வர வேண்டும்? – மதுரை வாசகர்

கணக்குப் பிள்ளை சரியாகத்தான் எழுதியிருக்கிறார். 1957 ஏப்ரல் 1 முதல் ரூபாய்க்கு 100 நயா பைசா (புதுப் பைசா), அதுதான் ந.பை. ஓரணா 6.25 ஆனது. அரைப் பைசாவும் அதற்குக் கீழும் வந்தால் தள்ளு, மேலே போனால் ஒன்றாக்கு என்பது விதி. அதனால் ஓரணா 6, இரண்டணா 12, மூன்றணா 19. நாலணாதான் பிசிறில்லாமல் 25. இதில் ஒரு வேடிக்கை: காலணா 1.56 என்பதால் 2 ஆகிவிடும். ஒவ்வொரு காலணாவாகத் தனித்தனியே மாற்றினால் ரூபாய்க்கு 128 பைசா கிடைக்கும்! ஓரணாவாக மாற்றினால் 96 தான். எனவே மொத்தத்தைக் கூட்டிவிட்டுத்தான் மாற்ற வேண்டும். நோட்டைச் சரிபார்க்கும்போதும் அப்படியே செய்யுங்கள். புதுக் கணக்கு பழக வேண்டும் என்றுதான் காசிலேயே 'ரூபாயில் நூறில் ஒரு பங்கு' என்று இந்தியில் பொறித்தார்கள். 'நயா' 1964 ஜூன் 1-ல் உதிர்ந்தது. எட்டணா என்ற பேச்சு மட்டும் நம் கடைத்தெருவை விட்டுப் போகவில்லை.

கேள்வி: மஞ்சள் கறை, பச்சைக் களிம்பு படிந்த காசுகளைப் புளி போட்டு விளக்கலாமா? – உசிலம்பட்டி வாசகர்

வேண்டவே வேண்டாம். புளியின் அமிலம் மேல்தோலைத் தின்றுவிடும். காசு பளபளக்கும், விலை பாதியாகும். காய்ச்சி வடித்த நீரில் ஒரு நாள் ஊறவையுங்கள். எண்ணெய்ப் பிசுக்கும் மஞ்சளும் போகாவிட்டால் கண்ணாடிக் கிண்ணத்தில் சுத்தமான அசிட்டோன், ஐந்து நிமிடம். ஜன்னலைத் திறந்து வையுங்கள், அடுப்புப் பக்கம் போகாதீர்கள். நகப்பூச்சு அழிக்கும் திரவம் உதவாது, அதில் வாசனையும் எண்ணெயும் கலந்திருக்கும். பிறகு பஞ்சால் ஒற்றி எடுங்கள். தேய்த்தால் கோடு விழும். வெண்கலக் காலணாவில் பச்சைப் பொடி உதிர்ந்தால் அதைத் தனியே பிரித்து வையுங்கள். பிவிசி உறையும் கூடாது. சில வருடங்களில் அதுவே பச்சைப் பிசினாகக் கசியும். மைலார் என்ற பாலியெஸ்டர் உறை நல்லது.

பின்குறிப்பு: பழைய காசுக்கு லட்சக்கணக்கில் தருகிறோம், முதலில் கமிஷனோ வரியோ கட்டுங்கள் என்று ரிசர்வ் வங்கி பெயரில் யாராவது கேட்டால் கட்டாதீர்கள். அப்படி எந்தக் கட்டணமும் வாங்குவதில்லை என்று அந்த வங்கியே 2021-ல் எச்சரித்திருக்கிறது.