அபூகீர் பதக்கங்கள்: இறந்து 500 ஆண்டுகள் கழித்து அலெக்சாண்டருக்கு ஏன் தங்கப் பதக்கம்?

எகிப்தின் அபூகீரில் 1902-இல் கிடைத்த 20 தங்கப் பதக்கங்கள்தான் இவை. பலவற்றில் மாவீரன் அலெக்சாண்டரின் முகம் இருக்கிறது. அவர் இறந்தது கி.மு. 323-இல், இவை செய்யப்பட்டதோ கி.பி. 3-ஆம் நூற்றாண்டில், ரோமானியர் ஆட்சியில்.

அப்போது ரோமுக்குக் கிழக்கே, பாரசீகப் பகுதியை ஆண்டவர்களோடு அடிக்கடி போர். பாரசீகத்தையே வென்றவர் என்பதால் அலெக்சாண்டரின் பெயரே ஒரு தெம்பு. பேரரசர் கரகல்லா தன்னை இன்னொரு அலெக்சாண்டராகவே நினைத்தார். அவர் முகமும் இவற்றில் உண்டு. ஒரு பதக்கத்தில் அலெக்சாண்டரின் கேடயத்துக்குள் சூரியன், நிலா, ராசிச் சின்னங்கள்! உள்ளங்கையில் அடங்கும் தங்கத்தில் இத்தனை நுணுக்கம், அசந்துபோவீர்கள்.

ஊர்க் கபடிப் போட்டியில் மறைந்த தலைவர் பெயரில் கோப்பை தருகிறோம் அல்லவா? அலெக்சாண்டரின் சொந்த நாடான மாசிடோனியாவிலும் அவர் பெயரில் விளையாட்டு விழா நடந்தது. இவை அதற்கான பரிசாக இருக்கலாம் என்பது ஒரு கருத்து.

அப்புறம், பலர் நினைப்பதுபோல இவை அலெக்சாண்டர் வெளியிட்ட காசுகள் அல்ல. கடைத்தெருவில் செலவழிக்க அடித்தவையும் அல்ல.