அமெரிக்கத் துப்பாக்கிச் சட்டங்களும் நிறவெறியும்: கேள்வி பதில்

கேள்வி: சார், அமெரிக்காவில் துப்பாக்கிக் கட்டுப்பாடு என்பதே கறுப்பர்களை அடக்கத்தான் வந்தது என்கிறார்கள். சரியா?

பதில்: பாதிதான் சரி. தென்மாநிலச் சட்டங்கள் பலவற்றில் நோக்கம் வெளிப்படை. தடி, வாள், துப்பாக்கி எதுவானாலும் கறுப்பர் ஏந்தக் கூடாது, மீறினால் 20 கசையடி என்று வர்ஜீனியா 1680லேயே எழுதிவைத்தது. 1831ல் அதே வர்ஜீனியாவில் நாட் டர்னர் தலைமையில் அடிமைகள் கிளர்ந்தெழுந்த பிறகு இறுக்கம் கூடியது. டென்னசி தன் அரசியல் சாசனத்தில் ஆயுத உரிமையைச் 'சுதந்திர மனிதர்' எல்லோருக்கும் தந்திருந்தது. 1834ல் அதைச் 'சுதந்திர வெள்ளையர்' என்று மாற்றியது. ஆனால் கென்டக்கி 1813ல் மறைத்து ஆயுதம் வைத்திருப்பதைத் தடுத்ததற்கு வெள்ளையர்களின் அடிதடியே காரணம். இயந்திரத் துப்பாக்கிக்கு வரி போட்ட 1934ஆம் ஆண்டுக் கூட்டாட்சிச் சட்டம் கொள்ளைக் கும்பல்களைக் குறிவைத்தது. எல்லாச் சட்டத்தையும் ஒரே தட்டில் வைப்பது தவறு.

கேள்வி: 1865ல் அடிமை முறை ஒழிந்ததே, அதன் பிறகு என்ன ஆயிற்று ஐயா?

பதில்: அதே ஆண்டு மிசிசிப்பி ஒரு சட்டம் போட்டது. ராணுவத்தில் இல்லாத கறுப்பர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்க வேண்டுமானால் கவுண்டி நிர்வாகக் குழுவிடம் லைசென்ஸ் வாங்க வேண்டும் (கவுண்டி என்பது நம் மாவட்டம் போன்றது). இல்லையென்றால் 10 டாலர் வரை அபராதம், ஆயுதமும் பறிபோகும். பறித்த ஆயுதம் யாருக்குப் போகும் என்பதுதான் இதில் மிகக் கொடியது: காட்டிக்கொடுத்தவருக்கே. அக்கம்பக்கத்து வெள்ளையர் ஒவ்வொருவரையும் இந்த ஒரு விதி வேவுகாரராக்கியது.

இதற்கு எதிர்வினையாகத்தான் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் 1866ல் குடிமை உரிமைச் சட்டம் இயற்றியது. 1868ல் எல்லோருக்கும் சட்டத்தின் சமப் பாதுகாப்பைத் தரும் அரசியல் சாசனத்தின் 14ஆவது திருத்தமும் வந்தது. ஆனால் 1873ல் லூசியானாவின் கோல்ஃபாக்ஸில் கறுப்பர்கள் கூட்டமாகக் கொல்லப்பட்ட வழக்கில், ஆயுத உரிமை தரும் சாசனத்தின் இரண்டாவது திருத்தம் கூட்டாட்சி அரசை மட்டுமே கட்டுப்படுத்தும் என்று 1876ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்தத் தீர்ப்பு பெரும் அநீதி. ஆயுதக் கும்பலிடமிருந்து காக்க வேண்டிய அரசு கையை விரித்த தருணம் அது.

கேள்வி: இனத்தின் பெயரே இல்லாத சட்டத்தில் இனவெறி இருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: முதலில் விலையைப் பாருங்கள். பிறகு லைசென்ஸில் கையெழுத்துப் போடுவது யார், மறுக்கக் காரணம் சொல்ல வேண்டுமா என்று பாருங்கள். கடைசியில், நடைமுறையில் யார்மேல் வழக்குப் பாய்ந்தது என்று தேடுங்கள். சட்டத்தின் வாசகத்தோடு நிறுத்திக்கொள்பவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள்.

டென்னசி 1879ல் ராணுவ, கடற்படை வகை ரிவால்வரைத் தவிர மற்ற கைத்துப்பாக்கிகளின் விற்பனையைத் தடுத்தது. ராணுவ வகை விலை அதிகம். மலிவானது ஏழைக்குக் கிடைக்காமல் போயிற்று. இது ஏழை வெள்ளையரையும் பாதித்ததால் நோக்கம் குறித்து வரலாற்றாசிரியர்களிடையே வாதம் உண்டு.

ஃபுளோரிடாவில் வாதத்துக்கே இடமில்லை. 1893ஆம் ஆண்டுச் சட்டப்படி வின்செஸ்டர் போன்ற தொடர்சுடும் துப்பாக்கிக்குக் கவுண்டி ஆணையர்களின் லைசென்ஸ் வேண்டும், 100 டாலர் பிணையமும் கட்ட வேண்டும். 1901ல் கைத்துப்பாக்கியும் சேர்ந்தது. 1941ல் வாட்சன் எதிர் ஸ்டோன் வழக்கில் அந்த மாநில உச்ச நீதிமன்ற நீதிபதி பஃபர்ட், டர்பன்டைன் (மரப் பிசின் எண்ணெய்) எடுக்கும் முகாம்களுக்கும் மரம்வெட்டு முகாம்களுக்கும் வந்த கறுப்பினத் தொழிலாளர்களை நிராயுதபாணிகளாக்கவே இச்சட்டம் வந்தது, வெள்ளையருக்கு இதைப் பொருத்த எண்ணியதே இல்லை, பொருத்தியதும் இல்லை என்று தீர்ப்பிலேயே எழுதினார். இவ்வளவு நேரடியான சாட்சியம் கிடைப்பது அபூர்வம்.

கேள்வி: மார்ட்டின் லூதர் கிங் துப்பாக்கி லைசென்ஸ் கேட்டாராமே?

பதில்: ஆம். 1956 ஜனவரி 30 அன்று மாண்ட்கமரியில் அவர் வீட்டில் குண்டு வெடித்தது. அதன் பிறகு விண்ணப்பித்தார், மறுத்துவிட்டார்கள். அதிகாரியின் விருப்பத்துக்கு விடப்பட்ட லைசென்ஸ் எப்படி வேலை செய்யும் என்பதற்கு வேறு உதாரணம் தேவையில்லை.

கேள்வி: கறுப்பின உரிமை அமைப்பான பிளாக் பாந்தர்கள் கலிபோர்னியா சட்டமன்றத்துக்குள் துப்பாக்கியோடு போனதால்தான் ரீகன் தடைச்சட்டம் கொண்டுவந்தாரா அண்ணா?

பதில்: வரிசை தலைகீழாகிவிட்டது தம்பி. ஓக்லாந்தில் போலீஸைக் கண்காணிக்க பாந்தர்கள் குண்டு ஏற்றிய துப்பாக்கியுடன் ரோந்து போனார்கள். அதைத் தடுக்கச் சட்டமன்ற உறுப்பினர் டான் மல்ஃபோர்ட் மசோதா கொண்டுவந்தார். அதை எதிர்த்துத்தான் 1967 மே 2 அன்று மாநிலத் தலைநகர் சாக்ரமெண்டோவில் உள்ள சட்டமன்றத்துக்குப் போனார்கள். ஜூலையில் ஆளுநர் ரீகன் கையெழுத்திட்டார். துப்பாக்கி உரிமைக்காக வாதாடும் தேசியத் துப்பாக்கிச் சங்கமும் (NRA) அப்போது ஆதரித்தது.

கேள்வி: நம் நாட்டிலும் இப்படி இருந்ததா?

பதில்: வைஸ்ராய் லிட்டன் காலத்து 1878ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம். இந்தியருக்கு லைசென்ஸ் கட்டாயம், ஐரோப்பியருக்கு விலக்கு. 1887ல் சென்னையில் கூடிய காங்கிரஸ் மாநாட்டில் பிபின் சந்திர பால் இதை நீக்கக் கோரிப் பேசினார். இங்கே பாகுபாடு விலக்குப் பட்டியலில் இருந்தது. ஆகவே பழைய சட்டம் எதைப் படித்தாலும் விலக்குகளை விடாதீர்கள்.

கேள்வி: அப்படியானால் இன்றைய கட்டுப்பாடுகளையும் நீக்கிவிட வேண்டியதுதானே?

பதில்: அந்த முடிவுக்கு நான் வரமாட்டேன். பிறப்பு கெட்டது என்பதால் மட்டும் இன்றைய விதி கெட்டதாகாது. இன்று யாரைப் பாதிக்கிறது என்று தனியாகப் பார்க்க வேண்டும். வாஷிங்டன் டிசியில் 1976ல் கைத்துப்பாக்கிக்குத் தடை விதித்த நகர மன்றத்தில் கறுப்பர்களே பெரும்பான்மை. தங்கள் தெருக்களில் நடந்த கொலைகளைக் குறைக்கவே தடை விதித்தார்கள். மறுபக்கம், 2021ல் நியூயார்க் துப்பாக்கி லைசென்ஸ் விதி உச்ச நீதிமன்றம் போனபோது, ஏழைகளுக்காக அரசு செலவில் வாதாடும் வழக்கறிஞர்கள் அவ்விதியை எதிர்த்து மனு கொடுத்தார்கள். அதில் சிக்கும் தங்கள் கட்சிக்காரர்கள் பெரும்பாலும் கறுப்பர், லத்தீன் இளைஞர்கள் என்றார்கள். கைத்துப்பாக்கி வாங்க ஷெரீஃபின் (கவுண்டி காவல் தலைவரின்) அனுமதிச் சீட்டைக் கோரிய வட கரோலினாவின் 1919ஆம் ஆண்டுச் சட்டம் 2023ல் நீங்கியது.

கேள்வி: கறுப்பர் தவிர வேறு யாரும் குறியா?

பதில்: செவ்விந்தியருக்குத் துப்பாக்கி விற்றால் தூக்கு என்று 1619லேயே வர்ஜீனியா விதித்தது. குடியுரிமை பெறாத வெளிநாட்டவர் வேட்டைத் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்று பென்சில்வேனியா 1909ல் தடுத்தது. 1914ல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது.