சொந்தமாகக் கட்டிய ஹெலிகாப்டரில் வாடிக்கையாளரைப் பார்க்கப் போகலாமா?

கேள்வி: கிட் (பிரித்த பாகங்களின் தொகுப்பு) வாங்கி நாமே கட்டிய இரண்டு இருக்கை ஹெலிகாப்டரில், 150 மைல் தள்ளியிருக்கும் வாடிக்கையாளர் இடத்துக்கு வேலைக்காகப் போய் வருவது சரிப்படுமா? அமெரிக்கச் சட்டம் அனுமதிக்குமா? நேரம் மிச்சமாகுமா?

சட்டம் அனுமதிக்கும். நேரம் மிச்சமாகாது. இரண்டாவது பதில்தான் முக்கியம் என்பதால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் இருப்பது அரிசோனாவில், காசா கிராண்டே பக்கம். குளிரூட்டும் ஆலைகளின் கட்டுப்பாட்டுப் பெட்டிகளுக்கு நிரல் எழுதுவதும் பழுது பார்ப்பதும் தொழில். என் வாடிக்கையாளர் ஒருவருக்கு யூமாவுக்குச் சற்று முன்னால் வெல்டன் ஊரில் லெட்டூஸ் கீரை குளிரூட்டும் ஆலை இருக்கிறது. குளிர்காலத்தில் வட அமெரிக்கா சாப்பிடும் கீரையில் பெரும்பகுதி அந்தப் பள்ளத்தாக்கில்தான் விளைகிறது. அறுத்த கீரையைப் பெட்டியோடு இரும்பு அறைக்குள் தள்ளிக் காற்றை உறிஞ்சி எடுப்பார்கள். அழுத்தம் இறங்க இறங்க, இலையில் இருக்கும் ஈரம் பூஜ்ஜியம் டிகிரிக்குப் பக்கத்திலேயே கொதித்து ஆவியாகும். போகும்போது சூட்டையும் எடுத்துக்கொண்டு போகும். அரை மணி நேரத்தில் பெட்டி சில்லிட்டுவிடும். அந்தப் பம்புகளும் வால்வுகளும் சொன்ன பேச்சைக் கேட்கிறதா என்று பார்ப்பது என் வேலை. நவம்பரிலிருந்து மார்ச் வரை மாதம் ஒருமுறையாவது போக வேண்டும்.

காசா கிராண்டேயிலிருந்து இண்டர்ஸ்டேட் 8 நெடுஞ்சாலையைப் பிடித்தால் வெல்டனுக்கு ஏறத்தாழ 148 மைல். பெரும்பாலும் 75 மைல் வேக வரம்பு. ஏழு மணிக்குக் கார் எடுத்தால் ஒன்பதைத் தாண்டியதும் ஆலை வாசலில் நிற்கலாம்.

இப்போது ஹெலிகாப்டர். என்னுடையது ரோட்டர்வே எக்ஸெக் 162எஃப். பி. ஜே. ஷ்ராம் ஆரம்பித்த ரோட்டர்வே, எங்கள் ஊருக்கு வடக்கே சாண்ட்லரிலிருந்து விற்ற கிட். கட்டி முடிக்க எனக்கு இரண்டரை வருடம் ஆனது. 150 குதிரைத்திறன், தண்ணீரால் குளிரும் நான்கு சிலிண்டர் எஞ்சின். சாதாரண வேகம் மணிக்கு 95 மைல். டேங்க் 17 கேலன், அதாவது சுமார் 64 லிட்டர். முழுக்க நிரப்பினால் இரண்டு மணி நேரம் பறக்கலாம். பகலில் கண்பார்வையில் பறக்கும் ஹெலிகாப்டருக்கு 20 நிமிட எரிபொருளைக் கையிருப்பாக வைத்துத் திட்டமிட வேண்டும் என்பது விதி. நான் 30 வைக்கிறேன்.

மேற்கே போகும்போது 15 மைல் எதிர்காற்று இருந்தால் தரையைப் பொறுத்து வேகம் 80-தான். அந்தக் கணக்கில் 148 மைலுக்கு ஒரு மணி ஐம்பது நிமிடம். ஒரே டேங்க்கில் போக முடியாது. கிலா பெண்டில் இறங்கி எரிபொருள் போட வேண்டும்; அதற்கு அரை மணி நேரம். கிளம்பும் முன் சோதனைக்கு ஒரு மணி நேரம். எனக்குப் பகலில் மட்டுமே பறக்க அனுமதி. ஜனவரியில் ஏழேகாலுக்கு முன்னால் தரையை விட்டு எழுவதில்லை. ஆறேகாலுக்கு ஷெட்டுக்கு வந்து, ஏழேகாலுக்குக் கிளம்பி, இறங்கி நிற்கும்போது மணி ஒன்பதரையைத் தாண்டிவிடும். இருட்டுவதற்குள் வீடு திரும்ப வேண்டும் என்றால் மூன்று மணிக்கு அங்கிருந்து கிளம்ப வேண்டும். காரில் போனால் அப்படி ஒரு நெருக்கடியே இல்லை.

நெடுஞ்சாலை நேராகப் போகும் இடத்தில் எப்போதும் இந்தக் கதைதான். அப்படியானால் ஏன் போகிறேன்? பறக்கப் பிடித்திருக்கிறது, அதற்காகத்தான். வெக்கோல் பள்ளத்தாக்கைத் தாண்டும்போது சகுவாரோ கள்ளிகளின் நிழல் ஒவ்வொன்றும் பல மடங்கு நீளமாக மேற்கே விழுந்து கிடக்கும். கிலா பெண்டைத் தாண்டினால் சொலானா சூரிய மின் நிலையத்தின் கண்ணாடித் தொட்டிகள் வரிசை வரிசையாகக் கிழக்கைப் பார்த்துத் திரும்பியிருக்கும். 280 மெகாவாட் நிலையம், 2013-இல் ஓட ஆரம்பித்தது. கீழே காரில் போகிறவனுக்கு அது தூரத்தில் ஒரு மினுக்கம் மட்டும். ஆயிரம் அடி உயரத்தில் அதைப் பார்த்த முதல் நாள், இரண்டரை வருட வேலைக்கு இதுவே போதும் என்று தோன்றியது. இந்தக் காரணத்தை வெளிப்படையாக ஒத்துக்கொள்வது நல்லது என்பேன். நேரம் மிச்சம் என்று மனதுக்குள் கணக்குப் போட ஆரம்பித்தால் அவசரப்படுவோம். சின்ன ஹெலிகாப்டரில் அவசரத்துக்கு இடமே கிடையாது.

சட்ட விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நாமே கட்டியது 'எக்ஸ்பெரிமெண்டல்' (சோதனை) வகையில் பதிவாகும்; பாதிக்கு மேற்பட்ட வேலையைச் சொந்தக் கற்றலுக்காகவோ பொழுதுபோக்குக்காகவோ நாம் செய்திருக்க வேண்டும். முதல் 40 மணி நேரம் ஒதுக்கிய பகுதிக்குள், பயணி யாரும் இல்லாமல் பறந்து காட்ட வேண்டும். கூலிக்கு ஆளையோ சரக்கையோ ஏற்றக் கூடாது. ஆனால் தனியார் பைலட் லைசென்ஸ் வைத்திருப்பவர் தன் வேலை தொடர்பாகத் தானே பறந்து போவதை அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்.ஏ.ஏ.வின் விதி 61.113 அனுமதிக்கிறது. பறப்பது வேலைக்குத் துணையாக மட்டும் இருக்க வேண்டும், பறப்பதே வேலையாகிவிடக் கூடாது. என் கருவிப் பையோடு நான் போகலாம். வாடிக்கையாளருக்கு ஒரு மோட்டாரைக் கொண்டுபோய்க் கொடுத்து அதற்குக் காசு வாங்கக் கூடாது. நான் பில்லில் பயணச் செலவு என்று எதையுமே போடுவதில்லை.

பலரும் மறந்துவிடுவது காப்பீடு. தொழிலுக்காக நாம் வைத்திருக்கும் பொதுப் பொறுப்புக் காப்பீட்டில் விமானத்தால் வரும் சேதம் சாதாரணமாகவே விலக்கப்பட்டிருக்கும். வாடிக்கையாளர் வளாகத்தில் இறங்கி ஒரு கண்ணாடி உடைந்தாலும் அந்தக் காகிதம் உதவாது. ஹெலிகாப்டருக்குத் தனியாக எடுத்து, அதில் வாடிக்கையாளர் பெயரையும் சேர்த்த பிறகுதான் அவர்களிடம் பேச்சையே எடுத்தேன்.

எடைக் கணக்கும் ஒன்று உண்டு. மொத்தமாகத் தூக்கக்கூடியது 680 கிலோ. வெறும் எடை 442, முழு டேங்க் பெட்ரோல் 46. மீதி 192 கிலோவுக்குள் ஆளும் பையும் அடங்க வேண்டும். கூடுதலாகப் பொருத்திய ரேடியோ, பேட்டரி எல்லாம் இதிலிருந்துதான் கழியும். தனியாகப் போனால் தாராளம். கூட ஒருவர் வந்தால் கருவிப் பையை வீட்டில் வைக்க வேண்டியிருக்கும், அப்புறம் எதற்குப் போவது? வெயில் காலத்தில் இந்தக் கணக்கும் உதவாது. 40 டிகிரி வெயிலில் எங்கள் சமவெளிக் காற்று 4,400 அடி உயரத்துக் காற்று போல மெலிந்துவிடும். தலைக்கு மேல் சுழலும் ரோட்டாருக்குப் பிடி கிடைக்காது. நல்லவேளையாகக் கீரை சீசன் குளிர்காலத்தில்.

பாதையைத் தெரிந்துகொள்ளாமல் போகவே கூடாது. கிலா பெண்டுக்கு மேற்கே சாலைக்குத் தெற்கில் கோல்ட்வாட்டர் ராணுவப் பயிற்சிப் பரப்பு, வடக்கில் யூமா ஆயுத சோதனைப் பரப்பு. நடுவில் கிலா ஆறும் சாலையும் போகும் இடைவெளியில்தான் நமக்கு வழி. நான் சாலையை விட்டு விலகுவதே இல்லை. எஞ்சின் நின்றால் ரோட்டார் இறக்கைகளின் சாய்வை மாற்றும் கைப்பிடியான கலெக்டிவை உடனே கீழே தள்ள வேண்டும். அப்போது கீழிருந்து வரும் காற்றே ரோட்டாரைச் சுழற்றும், அந்தச் சுழற்சியை வைத்துத்தான் இறங்க வேண்டும். இலேசான ரோட்டார் என்பதால் யோசிக்க அவகாசம் கிடையாது. கை தானாகப் போக வேண்டும். அதனால் கண் எப்போதும் கீழே ஒரு சமதரையைப் பார்த்துக்கொண்டே இருக்கும். மொஹாக் கணவாயில் காற்று முறுக்கும், அங்கே கொஞ்சம் உயரமாகப் போவேன். வெல்டன் வயல்களுக்கு வந்துவிட்டால் கவலை வேறு: மருந்து தெளிக்கும் விமானங்கள் காலையில் மிகத் தாழ்வாகப் பறக்கும். மின்கம்பி மேலிருந்து கண்ணுக்குத் தெரியாது. கம்பத்தைத் தேட வேண்டும். இரண்டு கம்பம் தெரிந்தால் நடுவில் கம்பி இருக்கிறது என்று வைத்துக்கொள்ள வேண்டும்.

இறங்கும் இடம் எனக்கு ஒரு பாடம். ஆலை முற்றத்தில் இறங்கலாம் என்றுதான் கேட்டேன். உணவுப் பாதுகாப்பு மேலாளர் உடனே மறுத்துவிட்டார். ரோட்டார் கிளப்பும் மண் கீரைப் பெட்டிகளில் படியும் என்றார். 2006-இல் கீரை வழியாக ஈ. கோலை பாக்டீரியா பரவிய பிறகு, அடுத்த வருடமே கலிஃபோர்னியாவிலும் அரிசோனாவிலும் கீரை வளர்ப்பவர்கள் சேர்ந்து கடுமையான ஒப்பந்தம் போட்டுக்கொண்டார்கள். மண், மாடு, காட்டுப்பன்றி எல்லாவற்றுக்கும் அதில் கணக்கு உண்டு. அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. அரை மைல் தள்ளி அவர்களுடைய லாரி நிறுத்தும் ஜல்லித் தரையைக் கொடுத்தார்கள். எழுத்தில் அனுமதி வாங்கினேன், ஊர் விதியில் தடை இல்லை என்றும் விசாரித்துக்கொண்டேன். முதல் முறை இறங்கியபோது, ஓரத்தில் கிடந்த பெட்டி சுற்றும் பிளாஸ்டிக் தாள் ஒன்று பாம்பு மாதிரி எழுந்து நின்றது. வால் ரோட்டாருக்குள் போயிருந்தால் கதை முடிந்திருக்கும். நேரே மேலே எழும்பி, தள்ளிப் போய், அவர்கள் அந்தத் தாளைப் பொறுக்கி எடுக்கும் வரை சுற்றிக்கொண்டிருந்தேன். இப்போது கிலா பெண்டிலிருந்து போன் செய்வேன். நான் வருவதற்குள் ஒருவர் அந்த இடத்தைச் சுற்றி நடந்து பார்த்துவிடுவார்.

சென்ற குளிர்காலத்தில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். முந்தின இரவு ரேடியேட்டர் ஹோஸைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தேன். அந்த நேரம் பார்த்து ஆலையிலிருந்து போன். ஒரு அறையில் அழுத்தம் இறங்கவில்லை, காலையில் கண்டிப்பாக வர வேண்டும் என்றார்கள். பேசிக்கொண்டே கிளாம்ப்பை மாட்டினேன். விரலால் திருகியதோடு சரி. ஸ்க்ரூடிரைவர் வைத்து இறுக்கவில்லை. காலையில் டார்ச் அடித்துச் சோதிக்கும்போது வழக்கமாக வால் ரோட்டாரின் மூன்று பெல்ட்டையும் ஒவ்வொன்றாகப் புரட்டி, உள்பக்கம் விரலை ஓட்டி, கறுப்புத் தூள் எவ்வளவு ஒட்டுகிறது என்று பார்ப்பேன். அன்றும் பார்த்தேன். ஹோஸைத் தொடவில்லை, நேற்று நானே மாட்டியதுதானே என்று விட்டுவிட்டேன். போகும்போது ஒன்றும் ஆகவில்லை. திரும்பும்போது மொஹாக் தாண்டியதும் கூலண்டின் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) சூட்டைக் காட்டும் முள் வழக்கமான இடத்தை விட்டு மெல்ல நகர்ந்தது. இனிப்பான ஒரு வாசனை, சூடான கூலண்டின் வாசனை. டேட்லாண்டுக்குப் பக்கத்தில் ஒரு மண்பாதையில் இறக்கிவிட்டேன். எஞ்சின் மூடியைத் திறந்தால் ஹோஸின் கழுத்தில் பச்சைத் துளி ஒவ்வொன்றாகத் திரண்டு விழுந்துகொண்டிருந்தது. கிளாம்ப்பை விரலால் தொட்டேன், சுழன்றது.

இறுக்கித் தண்ணீர் ஊற்றிக் கிளம்பியிருக்கலாம். வெளிச்சமும் ஒரு மணி நேரத்துக்கு மேல் மிச்சம் இருந்தது. ஆனால் அவசரத்தில் செய்த ஒரு வேலையை இன்னொரு அவசரத்தால் மூட மனம் வரவில்லை. மனைவி 110 மைல் கார் ஓட்டி வந்தாள். டேட்லாண்ட் கடையில் பேரீச்சம்பழ மில்க் ஷேக் வாங்கி ஆளுக்கொன்று குடித்தோம். மறுநாள் டிரெய்லரில் ஏற்றிக் கொண்டுவந்தேன். அன்று இரவு காரில் வரும்போது அவள் சொன்னது இதுதான்: "அவங்க கண்டிப்பா வரணும்னு சொன்னா கார்ல போங்க. எப்ப வேணா வாங்கன்னு சொன்னா பறந்து போங்க."

அதிலிருந்து அப்படியே செய்கிறேன். வாடிக்கையாளரிடம் பறந்து வருவதாக வாக்குக் கொடுப்பதில்லை. கிலா பெண்டில் இறங்கி வானத்தைப் பார்த்த பிறகுதான் சொல்வேன். இந்த சீசனில் இதுவரை ஐந்து முறை போனேன். மூன்று முறை காரில், இரண்டு முறை ஹெலிகாப்டரில். அந்த இரண்டும் மாதாந்திரப் பராமரிப்பு, ஒரு நாள் தள்ளிப் போனாலும் யாருக்கும் நஷ்டமில்லை.

நீங்கள் இறங்கத் திட்டமிடும் இடத்துக்கு முதலில் காரில் போய்வாருங்கள். எந்த மணிக்கு இறங்குவீர்களோ அந்த மணிக்கே அங்கே ஒரு மணி நேரம் நில்லுங்கள். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, கம்பம் எங்கே, லாரி எப்போது வருகிறது, தரையில் என்னென்ன கிடக்கிறது என்று எழுதிக்கொள்ளுங்கள். தூரத்தையும் உங்கள் கிட் எது என்பதையும் கீழே கருத்துப் பெட்டியில் எழுதினால், எரிபொருள் கணக்கைச் சேர்ந்தே போட்டுப் பார்க்கலாம்.