கடைசிப் பட்டை

அன்புள்ள அக்கா,

என் மகளுக்கு நான்கு வயது. 30 வாரத்தில் பிறந்தவள். இரண்டு கால்களையும் பாதித்திருக்கும் செரிபிரல் பால்சி, அதாவது மூளை பாதிப்பால் வரும் அசைவுக் குறைபாடு. வாக்கர் பிடித்து நடக்கிறாள். வெளியே போனால் முன்பின் தெரியாதவர்கள்கூட அவள் எதிரிலேயே "குழந்தைக்கு என்ன ஆச்சு?" என்று கேட்கிறார்கள். என்ன சொல்வதென்று தெரியாமல் அழுகை வருகிறது. கர்ப்பமாக இருந்தபோது வேலைக்குப் போய்வந்தேனே, அதுதான் காரணமோ என்று இன்னும் உறுத்துகிறது. நடமாட்டத்தில் மூன்றாம் நிலை என்கிறார் டாக்டர். அது இரண்டாம் நிலையாக மாறுமா? காலை நேரத்தில் மட்டும் நான் திணறுவதில்லை. உடுத்தி, காலைத் தாங்கும் ஸ்ப்ளிண்ட் மாட்டி, ஷூ போட்டு, எல்லாம் பத்தே நிமிடம். அவளை ஒரு விரல்கூட அசைக்க விடமாட்டேன்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

நீங்கள் கேட்டிருப்பது வெளியில் கேட்பவர்களைப் பற்றி. நான் நின்றுவிட்டது உங்கள் கடைசி வரியில். கடிதம் முழுக்க அழுகிறீர்கள், அந்த ஒரு வரியில்தான் பெருமைப்படுகிறீர்கள். சில நாட்களாக என் தம்பியின் நினைவாகவே இருந்தேன். அதனால்தான் உடனே எழுத உட்கார்ந்தேன்.

மற்றதை முதலில் முடித்துவிடுகிறேன். நீங்கள் வேலைக்குப் போனதால் எதுவும் ஆகவில்லை. கால்களுக்குப் போகும் நரம்பிழைகள் மூளையின் உள்ளறைகளை ஒட்டியே இறங்குகின்றன. குறைமாதத்தில் பிறக்கும் குழந்தைக்கு எளிதில் அடிபடும் இடம் அதுதான். கைகள் ஓரளவு தப்பித்து, கால்கள் அதிகம் பாதிக்கப்படுவதும் அதனால்தான். இந்த உறுத்தலை இன்றோடு விடுங்கள். உங்கள் மகள் வளர்ந்து உங்கள் முகத்தைப் படிக்கப் போகிறாள். 'நான் பிறந்தது ஒரு தப்பின் விளைவு' என்று அதில் எழுதியிருக்கக் கூடாது. அப்புறம் அந்த மூன்றாம் நிலை. 1997-ல் வகுத்த 5 நிலைகள் அவை. குழந்தை எப்படி நகர்கிறாள், என்ன துணை தேவை என்று சொல்பவை. பெரும்பாலான குழந்தைகளுக்கு அந்த எண் மாறுவதில்லை. அது மதிப்பெண்ணும் இல்லை. அதைத் துரத்தாதீர்கள்.

சரி, அந்தப் பத்து நிமிடத்துக்கு வருகிறேன்.

என் தம்பிக்குக் கைக்குழந்தையாக இருந்தபோது போலியோ வந்தது. இடது காலில் தொடை வரை காலிப்பர். இரண்டு பக்கமும் இரும்புக் கம்பி, முட்டியில் பூட்டு, தொடையில் அகலமான தோல் பட்டை, கீழே கனமான பூட்ஸ். நான் ஐந்து வயது மூத்தவள். தினமும் காலையில் நான்தான் மாட்டிவிடுவேன். வேகத்தில் என்னை யாரும் மிஞ்ச முடியாது என்று எனக்கு எண்ணம். தொடைப் பட்டையை எப்போதும் மூன்றாவது ஓட்டைக்கு இழுத்துவிடுவேன், தளர்ந்து அவன் விழுந்துவிடக் கூடாதே என்று.

அவனுக்குப் பதினொரு வயதானபோது நான் காய்ச்சலில் படுத்துவிட்டேன். அவனே மாட்டிக்கொண்டு பள்ளிக்குப் போனான். அரைமணி நேரம் ஆனதாம், தாமதமாகப் போய்த் திட்டும் வாங்கினான். சாயங்காலம் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, "அக்கா, இன்னைக்கு ரெண்டாவது ஓட்டையில போட்டேன். வலிக்கவே இல்ல" என்றான். கால்சட்டையை ஒதுக்கிப் பார்த்தேன். தொடையைச் சுற்றிக் கறுத்துப்போன தடம். அத்தனை வருடமும் அது அங்கேதான் இருந்திருக்கிறது. உணர்ச்சியில்லாத கால் என்றே நினைத்திருந்தேன். போலியோ தசையை இயக்கும் நரம்பணுக்களைத்தான் தாக்கும், தொடு உணர்ச்சியும் வலியும் அப்படியே இருக்கும் என்பது பின்னால்தான் எனக்குத் தெரிந்தது. "ஏன்டா சொல்லல?" என்று கேட்டேன். "நீ வேகமா போட்டுடுவ. சொல்ல நேரம் இருக்காது" என்றான்.

ஒரு விரல்கூட அசைக்க விடமாட்டேன் என்கிறீர்களே, உங்கள் மகளுக்குச் சொல்ல எவ்வளவு நேரம் கொடுக்கிறீர்கள்?

கோபமாகத்தான் கேட்கிறேன். நீங்கள் சோம்பி விட்டதாகச் சொல்லவில்லை, இல்லைம்மா. உங்களைப் போல உழைப்பவர்கள்தான் இதைச் செய்வார்கள். ஆனால் அது அவள் கால். எங்கே இறுக்குகிறது, எந்த மடிப்பு குத்துகிறது என்று அவளுக்குத்தான் தெரியும். அதைக் கற்றுக்கொள்ளும் வேளையில் அவளை ஒரு பொம்மை போல உட்கார வைத்திருக்கிறீர்கள்.

முழுவதையும் அவளிடம் விட்டுவிட்டு வேடிக்கை பார்க்கவும் சொல்லவில்லை. அவளும் அழுவாள், நீங்களும் அழுவீர்கள். அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்கள் சொல்லித்தரும் ஒரு வழி இருக்கிறது: முடிவிலிருந்து தொடங்குவது. தரையில் கால் நீட்டி உட்கார வைக்காதீர்கள். தொடையின் பின்தசை இறுக்கமாக இருப்பதால் பின்னால் சாய்வாள், இரண்டு கையும் ஊன்றிக்கொள்வதிலேயே போய்விடும். பாதம் தரையில் பதியும் உயரத்தில் ஒரு குட்டி ஸ்டூல், பின்னால் சுவர். சாக்ஸில் சுருக்கம் இல்லாமல் இழுத்துவிடுவது உங்கள் வேலை. முட்டியை மடக்கினால் கெண்டைக்கால் கொஞ்சம் தளரும், அப்போது குதிகாலை ஸ்ப்ளிண்டின் அடிவரை பதியவைத்து, கணுக்கால் பட்டையை நீங்களே ஒட்டுங்கள். மேலே இருக்கும் கடைசி வெல்க்ரோ பட்டை அவளுடையது. கோணலாக ஒட்டுவாள். பிரித்து ஒட்டுவாள். அந்தச் சத்தம் பிடித்துப்போய் பத்து முறை பிரிப்பாள். கையை மடியில் வைத்துக்கொண்டு இருங்கள். "சீக்கிரம்" என்று சொல்லாதீர்கள், பதற்றத்தில் கால் இன்னும் விறைக்கும். கடைசிப் பட்டை கைக்கு வந்த பிறகு கணுக்கால் பட்டை, அதற்குப் பிறகு குதிகால், அப்புறம் சாக்ஸ். மாதக்கணக்கில் ஆகலாம், ஆகட்டும். நேரமாகிவிட்ட நாளில் நீங்களே மாட்டிவிடுங்கள், அதற்காகவும் ஒரு உறுத்தலைச் சேர்த்துக்கொள்ள வேண்டாம்.

மாலையில் கழற்றியதும் தோலில் சிவப்பு இருக்கிறதா என்று பார்ப்பீர்கள்தானே? அதையும் அவளோடு சேர்ந்து பாருங்கள். அரைமணி நேரத்தில் மறையாத சிவப்பு இருந்தால் ஸ்ப்ளிண்ட் செய்தவரிடம் காட்ட வேண்டும். எந்த இடம் என்று அவளே விரல் வைத்துக் காட்டட்டும்.

வெளியில் கேட்பவர்களை விட்டுவிட்டேனே. அவர்களுக்கு விளக்கம் சொல்லும் கடமை உங்களுக்கு இல்லை. "அவளுக்குக் கால் தசை இறுக்கம், வாக்கர் பிடிச்சு நடப்பா" என்றால் போதும், நடையைக் கட்டுங்கள். அதைக்கூடச் சொல்லலாமா வேண்டாமா என்று வீட்டில் ஒருமுறை அவளிடம் கேளுங்கள். நான்கு வயதுக்கு அதில் அபிப்பிராயம் இருக்கும்.

வேலை நாளில் தொடங்காதீர்கள். வரும் விடுமுறையில், எங்கேயும் போக வேண்டியிராத ஒரு காலையில், அந்த ஒரு பட்டையை மட்டும் அவள் கையில் கொடுங்கள்.

அன்புடன்,
அக்கா